அறுநூற்றுப் பன்னிரண்டு பீங்கானும் ஒரு தையல் கடையும்

சித்தப்பாவுக்கு மூன்று என்ற எண்ணின்மேல் இருந்த நம்பிக்கை கடவுள்மேல்கூடக் கிடையாது. கடவுள் ஒருவர்தான் என்று சொல்பவர்களை அவர் சற்றுக் கவலையோடுதான் பார்ப்பார். ஒன்று தொலைந்துபோனால் என்ன செய்வது என்பது அவர் கவலை.

அவர் தொழில் அப்படி. சித்தப்பா ஏற்றுமதி முகவர். தொழிற்சாலைக்காரர்கள் சரக்கைச் செய்து பெட்டியில் போட்டுவிட்டால், அதைக் கப்பலேற்றி, அதற்கான காகிதங்களைச் சேரவேண்டிய இடத்தில் சேர்ப்பது அவர் வேலை. அந்தக் காகிதங்களுக்கெல்லாம் தலைமைக் காகிதம் பி.எல். என்பது. சரக்கை வாங்கிக்கொண்டோம் என்று கப்பல் கம்பெனி எழுதிக்கொடுக்கும் சீட்டு. அசல் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் அக்கரையில் சரக்கு. சீட்டின் முதுகில் கையெழுத்துப் போட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் சரக்கும் அடுத்தவருடையது. நடுக்கடலில் போய்க்கொண்டிருக்கும் கப்பலுக்கு இது எதுவும் தெரியாது.

இந்தச் சீட்டு எப்போதும் மூன்று அசல்களாக வரும். தபால் கொண்டுபோகும் கப்பல் மூழ்கிவிட்டால் என்ன ஆவது என்று பழைய காலத்தில் யாரோ பயந்ததால் வந்த ஏற்பாடு. பயந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஏற்பாடு இருக்கிறது. மூன்றில் ஒன்றைக் காட்டிச் சரக்கை எடுத்துவிட்டால் மற்ற இரண்டும் வெறும் தாள். சித்தப்பா முதல் அசலை ஒரு கூரியரில் வங்கிக்கு அனுப்புவார். பணத்தை வாங்கிக்கொண்டு சீட்டை அக்கரையில் வாங்குபவரிடம் சேர்ப்பது வங்கி. இரண்டாவதை மறுநாள் வேறொரு கூரியரில் அதே வங்கிக்கு அனுப்புவார். மூன்றாவது வீட்டுக்குப் போகும். மூன்றையும் கொடு என்று கேட்கும் வங்கிகளுக்கு ஒரு நீண்ட உறுதிமொழிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தக் கடிதமும் மூன்று பிரதி.

வீட்டுக்குப் போகும் அசல் சித்தியின் பீரோவில், நல்ல துணிகளுக்கு அடியில் படுத்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருடமாக இதுதான் நடைமுறை. சரக்கு போய்ச் சேர்ந்தபிறகும் அதை எடுக்கமாட்டார். எதற்கும் இருக்கட்டும் என்பார். அடியிலேயே கிடந்த முதல் சீட்டு நாலாயிரம் குடைக் கைப்பிடிகளுக்கானது. அந்தக் குடைகளெல்லாம் உடைந்து, அவற்றைப் பிடித்தவர்களில் சிலரும் வழுக்கை விழுந்து, தொப்பிக்கு மாறியிருப்பார்கள். சித்தப்பா அவர்களுக்காக அந்தச் சீட்டைக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடையில் பீங்கான் மேடம் வந்தார். பீங்கான் மேடம் என்பது நாங்கள் வைத்த பெயர். சுவரில் மாட்டும் கழிப்பறைக் கோப்பைகள் செய்யும் தொழிற்சாலையின் முதலாளி. சித்தப்பாவின் பழைய வாடிக்கையாளர், இப்போதைக்குப் பெரிய வாடிக்கையாளர், கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஒரே வாடிக்கையாளர். எதிரில் இருப்பவரைக் கோப்பையை விரலால் தட்டிப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

"வாங்கறவங்க இனிமே காகிதத்தைத் தொடமாட்டாங்களாம் சார். எல்லாம் கம்ப்யூட்டர்லயே வரணுமாம். இந்த லோடு அப்படித்தான் போகுது. உங்களால முடியுமா?"

"அதுக்கென்ன மேடம், பண்ணிடலாம்," என்றார் சித்தப்பா, மின்விசிறியைப் பார்த்து.

"என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"பண்ணிடலாம்."

"ஒழுங்கா போச்சுன்னா எப்பவும்போல எல்லாம் உங்ககிட்டதான். சொதப்பிட்டீங்கன்னா தப்பா நினைச்சுக்காதீங்க, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். முகத்துக்கு நேராச் சொல்லிட்டேன்."

அவர் படியிறங்கிய சத்தம் அடங்குமுன் சித்தப்பா எனக்குப் போன் செய்துவிட்டார். கல்லூரி விடுமுறையில் சும்மா கிடந்தேன். போன வருடம் அவருடைய பிரிண்டர் ஓடவில்லை என்றபோது நான் போய் அதைப் பிளக்கில் சொருகினேன். அன்றிலிருந்து குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான்.

சித்தப்பாவின் ஆபீஸ் ஒரு இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. மேசையில் நாற்பத்தொரு ரப்பர் முத்திரைகள் வட்டமான தாங்கியில் தலைகீழாகத் தொங்கும். 'அசல்' என்று ஒன்று, 'நகல்' என்று ஒன்று, 'நகலின் உண்மை நகல்' என்று ஒன்று. நான் அங்கே உட்கார்ந்து மூன்று நாளில் வேலையை முடித்தேன். கப்பல் கம்பெனியின் இணையதளத்தில் மேடத்தின் தொழிற்சாலைக்குக் கணக்குத் தொடங்கி, அதைச் சித்தப்பா இயக்கலாம் என்று அனுமதி வாங்கினேன். வங்கி ஏற்கெனவே அதில் இருந்தது.

"இன்னொரு கணக்கும் வேணும்டா," என்றார் சித்தப்பா. "உங்க சித்தி கடை பேர்ல."

சித்தி இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடச் சீருடைகள்தான் முக்கிய வேலை. முறையாகப் பதிவு செய்த கடை என்பதால் இணையதளம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சித்தியின் போனில் போட்டுக்கொடுத்து, கைரேகையும் பதிவு செய்தேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பழகிப்பார்க்க இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டே காலுக்குச் சீட்டு வந்தது. திரையில்தான் வந்தது. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கினார். பிறகு அதன் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் பின்பக்கம் எங்கடா?"

"பின்பக்கம் கிடையாது சித்தப்பா."

"பின்பக்கம் இல்லாம முதுகுல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"போட வேணாம். இதோ, 'மாற்று'ன்னு இருக்கு பாருங்க. அதைத் தொட்டா யாருக்குன்னு கேக்கும். பேங்க் பேரைத் தொட்டா போயிடும்."

"முத்திரை?"

"கிடையாது."

"முத்திரைகூட இல்லாம கப்பல்காரன் எதை நம்பிச் சரக்கைக் குடுப்பான்?"

"கம்ப்யூட்டரை நம்பி."

சித்தப்பா முத்திரைத் தாங்கியை ஒருமுறை மெல்லச் சுற்றிவிட்டார். நாற்பத்தொன்றும் சுற்றி வந்து நின்றன.

"இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு," என்றேன். "அசல் ஒண்ணே ஒண்ணுதான். அடுத்தவங்களுக்கு அனுப்பின உடனே நம்மகிட்ட இருக்காது."

சித்தப்பா தலையாட்டினார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லும்போதும் இப்படித்தான் தலையாட்டுவார்.

அப்போது கீழே கூரியர்காரர் மணியடித்தார். வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு வந்து கவர் வாங்கிப்போவது அவர் வழக்கம். இன்று கவர் இல்லை என்று சொல்ல நான் இறங்கிப் போனேன்.

"கவர் இல்லையா? சாருக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லாத்தான் இருக்கார். இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்ல போகும்."

"நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கும் இருக்காது."

"சாரைப் பார்த்துட்டுப் போறேனே."

"நிஜமாவே நல்லாத்தான் இருக்கார்."

அவரை நம்பவைத்து அனுப்பப் பத்து நிமிடம் ஆனது. மேலே வந்தபோது சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து, வேலையை முடித்த மனிதனின் முகத்தோடு இருந்தார்.

"வீட்டுக்கு ஒண்ணு அனுப்பிட்டேன்டா. ஒண்ணும் கஷ்டமில்ல. மத்த ரெண்டையும் நீ பேங்குக்கு அனுப்பிடு."

நான் திரையைப் பார்த்தேன். 'மாற்று' இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதற்கு மேலே ஒரு வரி இருந்தது. இந்த ஆவணம் இப்போது உங்கள் வசம் இல்லை. தற்போதைய உரிமையாளர் என்று போட்டு, சித்தியின் கடைப் பெயர்.

"சித்தப்பா, மத்த ரெண்டு கிடையாது."

"கிடையாதுன்னா?"

"இருந்ததே ஒண்ணு. அது இப்ப சித்தியோடது."

"எது?"

"அறுநூத்திப் பன்னெண்டு கோப்பையும்."

சித்தப்பா மேசைக் காலண்டரைப் பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு ஐம்பது. வங்கி நான்கு மணிக்கு மூடிவிடும், அடுத்த இரண்டு நாள் விடுமுறை. கப்பல் நாளைக் காலை அக்கரையில் நிற்கும். அங்கே அறுநூறு அறை ஓட்டல் ஒன்று அடுத்த வாரம் திறக்க இருக்கிறது. குழாய் வேலைக்காரர்கள் சுவரில் ஓட்டை போட்டுவிட்டு ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மேடம் காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்.

"திருப்பி இழுக்க முடியாதா?"

"சித்தி ஏத்துக்காம இருந்தா தானா திரும்பி வந்துடும்."

"உங்க சித்தி போனை எடுத்துப் பார்க்கவே சாயங்காலம் ஆகும்," என்றார் சித்தப்பா, சற்று உயிர் வந்து. சித்திக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி மேசையில் வைத்தார். பின்னால் தையல் எந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, போன்ல ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்னன்னு பார்த்தியா?"

"பார்த்தேன். அறுநூத்திப் பன்னெண்டு கக்கூஸ்."

"அது தெரியாம வந்துடுச்சு. எதையும் அமுக்கிடாத."

"ஏத்துக்கறீங்களான்னு கேட்டுச்சு. கல்யாணம் ஆனதுலேருந்து எது கேட்டாலும் சரின்னுதானே சொல்லிட்டிருக்கேன். இதுக்கும் சரின்னுட்டேன்."

எந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் முத்திரைகளைப் பார்த்தேன்.

"அதை அப்படியே பேங்குக்கு அனுப்பிடும்மா. தம்பி எப்படின்னு சொல்லுவான்."

"என் பேர்ல இருக்கற சாமானை போன்ல கேட்டா குடுத்துடுவாங்களா? நேர்ல வாங்க."

இரண்டு தெருவையும் சித்தப்பா செருப்பில் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டவைத்து, அக்குளில் கோப்பு ஒன்று இருப்பதுபோல் ஓடினார். பழக்கம்.

தையல் கடையில் சித்தி வெட்டும் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயோரத்தில் இரண்டு குண்டூசி. போனைத் துணிமேல் வைத்துச் சீட்டை முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். படிக்கும்போதே சுண்ணக்கட்டியால் துணியில் எதையோ குறித்துக்கொண்டார்.

"சுவர்ல மாட்டறதாமே," என்றார் எங்களைப் பார்க்காமல். "விழாதா?"

"விழாது. நேரமாகுது."

"ரெண்டு பெட்டில போகுதாம். ஒண்ணுல முந்நூறு, இன்னொண்ணுல முந்நூத்திப் பன்னெண்டு. கூட்டினா சரியா வருது."

"சரியாத்தான் வரும். நான் மூணு தடவை பார்த்துட்டேன். அனுப்பிடும்மா."

சித்தி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துப் பஞ்சில் குத்தினார். எங்கள் குடும்பத்தில் இதைப் பார்த்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

"காலைல என்ன கேட்டேன்?"

"என்ன கேட்ட?"

"இன்னிலேருந்து காகிதமே கிடையாதுன்னீங்களே, அப்ப பீரோவைக் காலி பண்ணித் தருவீங்களான்னு கேட்டேன். என்ன சொன்னீங்க?"

சித்தப்பா தரையைப் பார்த்தார். "பார்க்கலாம்னேன்."

"இருபத்திரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க. என் துணியெல்லாம் மை வாசனை அடிக்குது. போன மாசம் என் தங்கச்சி கட்டிப்பிடிச்சுட்டு, பேங்குலேருந்து வர்றியாக்கான்னு கேட்டா."

"அதெல்லாம் அசல்மா."

"எதுக்கு அசல்?"

சித்தப்பா யோசித்தார். "குடைக் கைப்பிடிக்கு ஒண்ணு இருக்கு," என்றார்.

நான் கடிகாரத்தைக் காட்டினேன். மூன்று பதினைந்து. அதே நேரம் சித்தப்பாவின் போன் அடித்தது. பீங்கான் மேடம். சித்தப்பா அதைச் சூடான இஸ்திரிப்பெட்டியைப் பிடிப்பதுபோல் பிடித்தார்.

"சொல்லுங்க மேடம். ஆமா மேடம். போயிட்டே இருக்கு மேடம். இப்ப எங்க இருக்கா?" இங்கே குரல் சற்று இறங்கியது. "ஒரு ஆள் சரிபார்த்துட்டிருக்காங்க மேடம்."

போனை வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தம்மா போயிட்டா நான் கடையை மூடிட்டு இங்க வந்து காஜா எடுக்க வேண்டியதுதான்," என்றார் மெதுவாக.

"உங்களுக்குக் காஜா எடுக்க வராது," என்றார் சித்தி. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பீரோவை இன்னிக்கே காலி பண்ணிடறேன்னு சொல்லுங்க. அமுக்கிடறேன்."

"பண்ணிடறேன்."

"வாயால வேணாம். எழுதிக் குடுங்க."

சித்தப்பா பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளை வாங்கினார். எழுதத்தான் தெரியுமே அவருக்கு. தேதி போட்டு, பார்வை எண் போட்டு, 'மேற்குறிப்பிட்ட பீரோவின் கீழ்த்தட்டு முழுவதையும் இன்று மாலைக்குள் எவ்வித நிபந்தனையுமின்றி' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டுக் கிழித்தார். அப்போதுதான் கவனித்தோம், தாளுக்கு அடியில் இரண்டு கார்பன் வைத்திருந்தார். மூன்று பிரதி.

"இது உனக்கு," என்றார். "இது எனக்கு."

"மூணாவது?"

"அதை பத்திரமா பீ..." என்று தொடங்கிய சித்தப்பா நிறுத்திக்கொண்டார்.

நான் அதை வாங்கி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று முப்பத்திரண்டு. சித்தி போனை எடுத்து, நான் சொன்னபடி வங்கியின் பெயரைத் தொட்டார். குறிப்பு எழுதுங்கள் என்று ஒரு கட்டம் வந்தது. காலியாக விட்டால் மேலே நகரமாட்டேன் என்றது. சித்தி யோசிக்கவே இல்லை. தைத்த துணியைக் கொடுக்கும்போது ரசீதில் வழக்கமாக எழுதுவதை எழுதினார்: 'பார்த்தேன். எண்ணிக்கை சரி. குறையில்லை.'

அடுத்து கைரேகை கேட்டது. சித்தி கட்டைவிரலை வைத்தார். பொருந்தவில்லை என்றது. ஆட்காட்டி விரல். பொருந்தவில்லை.

"ஊசி குத்திக் குத்தி ரேகையெல்லாம் தேஞ்சுபோச்சு," என்றார் சித்தி, மற்றவர் விரலைப் பார்ப்பதுபோல் பார்த்து.

"அன்னிக்கு எந்த விரலை வெச்சோம்?"

"நீதானேடா பிடிச்சு அமுக்கின."

நடுவிரல் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு தடவை தவறினால் கணக்கு ஒரு நாளுக்குப் பூட்டப்படும் என்று போன் மரியாதையாகச் சொன்னது. சித்தப்பா சுவரோடு ஒட்டி நின்று கண்ணை மூடிக்கொண்டார். நான் அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார்த்தேன். சித்தி வலது கையில் கத்தரிக்கோல் வைத்திருந்தார், கீழே வைக்கமாட்டேன் என்றார். இடது கையில் காலர் துணியைக் கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் மடித்துப் பிடித்திருந்தார். காலியாக நீட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு விரல்.

"இடது சுண்டுவிரல்," என்றேன்.

பொருந்தியது. மூன்று நாற்பத்தொன்றுக்கு சித்தி அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்பைகளையும் இழந்தார். முகத்தில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது நொட்டை சார். வங்கியில் காகிதம் சரிபார்க்கும் அதிகாரி. பிறந்த குழந்தையைக் காட்டினாலும் ஒரு நொட்டை சொல்லித்தான் திருப்பிக் கொடுப்பார் என்று சித்தப்பா சொல்வார். மை நீலமாக இருந்தால் கறுப்பு கேட்பார், கறுப்பாக இருந்தால் ஏன் இவ்வளவு கறுப்பு என்பார். மூன்று ஐம்பதுக்கு அவரே கூப்பிட்டார். சித்தப்பா எல்லோரும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். குரலில் சுரத்தே இல்லை.

"உங்க ஆவணம் வந்திருக்கு. எல்லாத்தையும் கம்ப்யூட்டரே ஒப்பிட்டுப் பார்த்துடுச்சாம். எடை சரி, தேதி சரி, துறைமுகம் சரி. எனக்குப் பார்க்க ஒண்ணும் வைக்கல." பிறகு குரலில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆனா ஒண்ணு. தொழிற்சாலைக்கும் எங்களுக்கும் நடுவுல ஒரு தையல் கடை இருக்கே. அது என்ன சார்?"

சித்தி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"நான்தான் சார் அது."

"நீங்க யாரும்மா?"

"இந்த ஆபீஸ் ஆவணத்தையெல்லாம் இருபத்திரெண்டு வருஷமா பாதுகாக்கறவ."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

"நீங்க இதைப் பார்த்தீங்களா?"

"பார்த்து எழுதியிருக்கேனே. எண்ணிக்கை சரி, குறையில்லைன்னு."

"ஓஹோ," என்றார் நொட்டை சார். விசைப்பலகைச் சத்தம் கேட்டது, உற்சாகமாகவே கேட்டது. "வெளி ஆள் ஒருத்தர் தனியா சரிபார்த்ததா பதிவு பண்ணிக்கறேன். இந்த மாதிரி யாரும் பண்றதில்லம்மா. எல்லாரும் பண்ணினா எங்க வேலை எவ்வளவோ நல்லாயிருக்கும்."

மூன்று ஐம்பத்தெட்டுக்கு ஒப்புதல் வந்தது. சித்தப்பா வெட்டும் மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். அளவு வெட்டி வைத்திருந்த இரண்டாம் வகுப்புச் சட்டைமேல் உட்கார்ந்திருந்தார். சித்தி ஒரு நிமிடம் விட்டுப் பிறகுதான் அதை உருவிக்கொண்டார்.

அன்று மாலை பீரோவைக் காலி செய்தோம். நான்கு சாக்கு வந்தது. எடைக்குப் போடக் கொண்டுபோகும் வழியெல்லாம் சித்தப்பா ஒவ்வொரு சாக்கிலும் கைவிட்டு ஒன்றை எடுத்துப் படித்துவிட்டுப் போட்டார். பழைய காகிதக் கடைக்காரர் எடை போட்டு, இத்தனை முத்திரை குத்தின தாளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பாராட்டினார். சித்தப்பாவுக்கு அது பிடித்திருந்தது.

ஒரு வாரத்தில் மேடம் ஓட்டலின் புகைப்படத்தை அனுப்பினார். வாசலையோ தோட்டத்தையோ எடுக்கவில்லை, வரிசையாகக் கோப்பைகளை எடுத்திருந்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை, ஒன்றுகூட விழவில்லை. அடுத்த மாதம் நானூறு கோப்பை வேறு ஒரு கட்டடத்துக்குப் போகிறது, அதுவும் நீங்களே பாருங்கள் என்று எழுதியிருந்தார். சித்தப்பா அந்தச் செய்தியை மூன்று பேருக்கு அனுப்பினார்.

இந்த முறை அவர் ஒரு தவறும் செய்யவில்லை. சீட்டு வந்ததும் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வங்கியின் பெயரை மூன்று தடவை சத்தமாகப் படித்து, ஒரே தொடுதலில் நேராக வங்கிக்கு அனுப்பினார். உலகத்தில் எந்தப் பாடப்புத்தகத்தில் பார்த்தாலும் அதுதான் முறை.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது.

நொட்டை சார் எழுதியிருந்தார். 'சென்ற முறை பின்பற்றிய நடைமுறை இம்முறை பின்பற்றப்படவில்லை. தையல் கடையின் சரிபார்ப்புக் குறிப்பு காணப்படவில்லை. அக்கரை வங்கியும் இதை அவசியம் எனக் கருதுவதால், எங்கள் சரிபார்ப்புப் பட்டியலில் ஏழாவது இனமாகச் சேர்த்துள்ளோம். தயவுசெய்து உரிய வழியில் அனுப்பவும்.'

சித்தப்பா படித்தார். மறுபடி படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் மெல்ல ஒரு மரியாதை பரவியது. உலகத்தில் ஒரு நடைமுறை எப்படிப் பிறக்கிறது என்பதை முதல்முறையாக நேரில் பார்த்த மரியாதை.

சித்தியின் கடைப் பெயரைத் தொட்டுச் சீட்டை அனுப்பிவிட்டு, "வா, போகலாம்," என்றார்.

தையல் கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் திறக்க ஐந்து நாள் இருந்தது. பெஞ்சு முழுவதும் பிள்ளைகளோடு அம்மாக்கள். சித்தி ஒரு பையனின் தோளில் நாடாவை வைத்தபடி எங்களைப் பார்த்தார்.

"அனுப்பியிருக்கீங்களா?"

"அனுப்பிட்டேன். இந்தத் தடவை வேணும்னேதான்."

"இருக்கறவங்க போகட்டும். இதுக்கு நடுவுல உங்களுது எண்ண முடியாது."

"நாலு மணிக்கு பேங்கு மூடிடும்மா."

"ரெண்டு மணிதானே ஆகுது. உட்காருங்க."

பெஞ்சின் ஓரத்தில் ஒரு அம்மா தன் பையை மடியில் எடுத்துக்கொண்டு இடம் விட்டார். சித்தப்பா நன்றி சொல்லி ஒடுங்கி உட்கார்ந்தார். பிறகு அந்த அம்மா பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்குச் சட்டையா, பேண்டா?"

"கக்கூஸ்," என்றார் சித்தப்பா.

அந்த அம்மா இதைச் சற்று யோசித்தார்.

"எத்தனை?"

"நானூறு."

"அப்ப நேரமாகும்," என்றார் அந்த அம்மா. "எங்களுக்கு ரெண்டு செட்டுதான். நாங்க முன்னாடி போயிடறோம்."